பத்து டிகிரி பீரோ

எங்கள் ஆஸ்பத்திரியில் மொத்தம் அறுபத்திரண்டு ஃபிரிட்ஜ்கள். மருந்துக்கு, ரத்தத்துக்கு, தடுப்பூசிக்கு, சோதனைக்கூடத்துக்கு, பிணவறைக்கு. அத்தனைக்கும் மெக்கானிக் நான் ஒருவன்தான். அவற்றைக் கண்காணிக்க ஒன்பது பேர் இருக்கிறார்கள். குளிரவைக்க ஒருவன் போதும், குளிர்ந்ததா என்று பார்க்கத்தான் ஒன்பது பேர் வேண்டும் என்பது மேலே இருப்பவர்கள் யோசித்துக் கண்டுபிடித்தது.

அந்த ஒன்பது பேரில் தலைவர் வெப்பநிலைக் கண்காணிப்பு அதிகாரி. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் நாலு டிகிரி. ஃபிரிட்ஜ் என்று ஒன்று இருந்தால் உள்ளே இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும், நாலு இருந்தால் உத்தமம். இதுதான் அவர் படித்தது, இதற்கு மேல் அவர் படிக்கவில்லை. தினமும் காலையில் வருவார். எட்டுக்குள் இருந்தால் கதவில் பச்சை ஸ்டிக்கர். எட்டைத் தாண்டினால் அவர் அறையில் மணி அடிக்கும், கதவில் சிவப்பு ஸ்டிக்கர் விழும், உள்ளே இருப்பது எதுவானாலும் கழிவு. மருந்துக்கு அது நல்ல விதிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு தடவை பழுதான ஃபிரிட்ஜில் நர்ஸ் ஒருத்தியின் சாப்பாட்டு டப்பா மாட்டிக்கொண்டது. அதற்கும் படிவம் எடுத்தார். "உள்ள என்ன பொருள்?" என்றார். "சாதம் சார்" என்றாள் அவள். "எண்ணிக்கை?" என்றார். அவள் முழித்தாள். அவரே கொஞ்ச நேரம் டப்பாவைப் பார்த்துவிட்டு, 'எண்ண இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஒரு சிவப்புகூட விழவில்லை. ஐந்து கேடயங்கள் அவர் மேஜைக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன.

இனி என் அக்காவைப் பற்றி.

அக்கா நாலாவது மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். மெத்தைக் கடையில் இருபத்திரண்டு வருஷம் பஞ்சு அடித்தவள். பஞ்சில் பாதி மெத்தைக்குள் போனது, மீதி அவள் நெஞ்சுக்குள் போனது. இரண்டு நுரையீரலும் போய்விட்டன, வேறு வைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். மூக்கில் குழாய், பக்கத்தில் சிலிண்டர். ஒரு மூச்சுக்கு மூன்று சொல்தான் வரும். வாயைத் திறந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும் என்று பேர் எடுத்தவளுக்கு மூன்று சொல்!

"டேய் தம்பி... புதுசு வந்ததும்... ஒரே மூச்சுல..." என்று நிறுத்துவாள். நான் காத்திருப்பேன். "எல்லாரையும் திட்டணும்டா."

யார் யாரை என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் பழுதுப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் ஆள், மெத்தைக் கடை முதலாளி. வாய்க்கு ஒரு மறைப்பு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டபோது, "பஞ்சு என்ன பாம்பா, கடிக்கிறதுக்கு?" என்று சிரித்தவர். இரண்டாவது ஆள், இவள் இருமலில் தூக்கம் கெடுகிறது என்று வீட்டை விட்டே போன என் அத்தான். மூன்றாவது நான். அவள் கல்யாணத்தன்று ஐஸ் ஃபேக்டரி ரிப்பேருக்குப் போய்விட்டு, பந்தல் பிரித்த பிறகு வந்து சேர்ந்ததற்காக.

"இன்னுமா அதை மறக்கல?" என்றேன்.

"மறக்கிறதுக்கா... எழுதச் சொல்றேன்?"

நுரையீரல் மாற்றுகிற டாக்டரம்மா ஒருநாள் என்னைத் தேடி பட்டறைக்கே வந்தார். தானமாக வரும் நுரையீரலைப் பாதுகாக்கப் புது ஃபிரிட்ஜ் ஒன்று வந்திருக்கிறது, அதைப் பத்து டிகிரியில் அசையாமல் நிறுத்த வேண்டும் என்றார்.

"பத்தா மேடம்? ஐஸ்லதானே கொண்டு வருவாங்க?"

"அதுதான் தப்பு. ஐஸ்ல வச்சா அதுக்கு அடிபடுது, ஆறு மணி நேரம் தாண்டினா நம்பவே முடியாது. பத்து டிகிரில வச்சா அது தூங்குற மாதிரி இருக்கும். மறுநாள் காலைல வரைக்கும் தாங்கும். தூரத்து ஊர்ல இருந்து வர்றதை எல்லாம் இப்போ தூக்கித்தான் போடுறோம். போன வருஷம் மட்டும் பதினாலு ஜோடி."

வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்து, அது கறுத்துப்போனதைப் பார்த்த யாருக்கும் இது புரியும். எனக்குப் புரிந்தது. பதினாலு ஜோடி என்றதும் எனக்கு நாலாவது மாடி ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலமே பத்து டிகிரியில் நிறுத்திக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அதிலும் தெர்மாமீட்டரையும் மணியையும் மாட்டினார்கள், உடனே நாலு டிகிரி அறையில் மணி அடித்தது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு அடித்த முதல் மணி. மனிதர் வெளுத்துப்போய் ஓடி வந்தார், பின்னால் எட்டுப் பேர். என்னைக் கூப்பிட்டு, உடனே ரிப்பேர் பண்ணு என்றார்.

"இது ரிப்பேர் இல்ல சார். பத்துலதான் இருக்கணும்."

"பத்துல இருந்தா அதுக்குப் பேருதான் ரிப்பேர்."

பழுதுப் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. பழுது என்ன? காரணம் என்ன? செய்த வேலை என்ன? நான் எழுதினேன்: பழுது, இல்லை. காரணம், நன்றாக வேலை செய்கிறது. செய்த வேலை, ஒன்றுமில்லை. இதற்காக எனக்கு ஒரு மெமோ வந்தது. பழுதில்லாத சாதனத்தை இரண்டு நாளாகியும் சரிசெய்யத் தவறிவிட்டேனாம்.

விஷயம் கமிட்டிக்குப் போனது. ஃபிரிட்ஜைத் தொட்டவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னையும் கூப்பிட்டு ஓரமாக ஒரு நாற்காலி போட்டார்கள். டாக்டரம்மா அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார். விளக்கை மறுபடி போட்டபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். தூங்கி எழுந்திருக்கிறார்கள்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "உறுப்பை ஐஸ்ல வைக்கணும்னு எனக்கு என் பேராசிரியர் சொன்னார். அவருக்கு அவர் பேராசிரியர் சொன்னார். இந்த மூணு தலைமுறைல எந்த நுரையீரலும் நம்மகிட்ட வந்து புகார் கொடுத்ததில்ல. இதை நாம யோசிக்கணும்."

யோசித்தார்கள். பிறகு நாலு டிகிரி எழுந்தார்.

"பத்து டிகிரில நுரையீரல் நல்லா இருக்கும்னு மேடம் சொல்றாங்க. இருக்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஒரு நுரையீரல் கெட்டா நாளைக்கு வேற ஒண்ணு வரும். என் பதிவேட்டுல ஒரு சிவப்பு விழுந்தா, அது என்னைக்காவது போகுமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். டாக்டரம்மா மட்டும் ஆட்டவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே ஏழு பூசாரிகள்.

"நாலும் வேணாம், பத்தும் வேணாம், ஏழுல வச்சா ரெண்டு பேருக்கும் திருப்திதானே?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார். நுரையீரலுக்குத் திருப்தி இருக்காது சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓரத்தில் இருந்த ஒரு மேலாளர், அதுவரை வாயே திறக்காதவர், மெதுவாகச் சொன்னார்: "இதை ஃபிரிட்ஜ்னு சொல்றதாலதானே இவ்வளவு தகராறு? கதவு இருக்கு. தட்டு இருக்கு. பூட்டு இருக்கு. பீரோன்னு எழுதிட்டா என்ன?"

கை தட்டினார்கள். பீரோவுக்கு வெப்பநிலை விதி கிடையாது. ஃபிரிட்ஜ்கள் பழையபடி அறுபத்திரண்டு, சிவப்பு பூஜ்யம். இயக்குநர், இதுபோன்ற தொலைநோக்குத்தான் இந்த நிறுவனத்தை இங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறது என்றார். அதில் பொய்யில்லை.

"பேரு என்ன வேணா வச்சுக்குங்க. பத்து டிகிரி இருந்தா போதும்" என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். எனக்கும் சந்தோஷம்தான். முட்டாள் நான், அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவள் சிரித்து, சிரித்ததில் மூச்சு முட்டி, நர்ஸ் வந்து சிலிண்டரைத் திருகிவிட்டுப் போனாள். "பீரோவா?" என்றாள் அக்கா. "எனக்குச் சீதனத்துல... பீரோ வரல... இப்பவாவது வந்துச்சே."

நாலு டிகிரியின் ஆட்கள் வந்து தங்கள் தெர்மாமீட்டரையும் மணியையும் கழற்றிக்கொண்டு போனார்கள். பீரோவை ஏற்றுக்கொள்ள வேண்டிய தளவாடப் பிரிவுக்குக் கோப்பு போய்ச் சேர இரண்டு மாதம் ஆனது. யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்த அந்த இரண்டு மாதமும் அது அருமையாக வேலை செய்தது. மூன்று பேருக்கு நுரையீரல் வைத்தார்கள். மூன்றும் ஐந்து மணி நேரப் பயணத் தொலைவிலிருந்து வந்தவை. ராத்திரி பூரா பத்து டிகிரியில் தூங்கி, காலையில் நன்றாகத் தூங்கி எழுந்த டாக்டர்கள் கையால் வைக்கப்பட்டவை. மூன்றாவது ஆள் ஒரு பஸ் டிரைவர். வீட்டுக்குப் போகும் நாளில் ஆறு மாடி ஏறி இறங்கி, எங்கள் வார்டுக்குள் வந்து விசில் அடித்துக் காட்டினார். அக்கா அன்று முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பொறாமையில்லை, ஆசை. எனக்குத் தெரியும்.

பிறகு கோப்பு போய்ச் சேர்ந்தது. தளவாட அதிகாரி வந்தார்.

அவர் நல்ல மனிதர். எதையும் திருடாதவர், யாரையும் திட்டாதவர், விடுமுறையே எடுக்காதவர். இப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பீரோவைச் சுற்றி வந்து பார்த்தார். எண் பலகை அடிக்க வேண்டும் என்றார். சமதளமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, டிகிரி தெரிகிற சின்னக் கண்ணாடி. அதன் மேலேயே 'அலமாரி 417' என்று திருகி முடுக்கினார்கள்.

"சார், டிகிரி தெரியாதே" என்றேன்.

"பீரோவுக்கு எதுக்குப்பா டிகிரி?"

அடுத்து, பின்னால் போய்ப் பார்த்தவர் திடுக்கிட்டார். "இதுல ஒயர் வருதே! பீரோவுக்கு எதுக்கு கரண்ட்?"

நான் சொன்னேன். டாக்டரம்மா சொன்னார். கத்தியே சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அலுவலகம் மூடும்போது எல்லா அலமாரிகளும் பூட்டப்பட வேண்டும், சுவரோடு எந்தக் கம்பியும் இணைந்திருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, விலக்கு வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள் என்றார். டாக்டரம்மா அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். பரிசீலனையில் இருக்கிறது என்று ரசீது வந்தது. அதை நம்பி இருந்தோம், மூன்று நாள் பிளக்கை யாரும் தொடவும் இல்லை. 'பிளக்கைப் பிடுங்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில் நான் ஒரு தாள் ஒட்டினேன். தளவாடங்கள் மீது தாள் ஒட்டக் கூடாது என்பதால் அதைக் கிழித்துவிட்டு, எனக்கு இரண்டாவது மெமோ கொடுத்தார்கள்.

நாலாவது நாள் மதியம் டாக்டரம்மா போன் செய்தார். "உங்க அக்காவுக்கு வந்துடுச்சு."

ஓடினேன். பெட்டி வந்து இறங்கியதைப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரோ ஒரு குடும்பம் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டு அனுப்பியது. டாக்டரம்மா அதைக் கைக்குழந்தையைப் படுக்கவைப்பது போல பீரோவுக்குள் வைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆபரேஷன். நாலரை மணிக்கு நான் கதவில் காது வைத்துக் கேட்டேன். கண்ணாடிதான் மறைந்து போனதே, எனக்கு மோட்டார் சத்தம் போதும். ஒழுங்காக ஓடியது. திருப்தியாக மேலே போனேன்.

அக்காவைக் குளிப்பாட்டி, பச்சைத் துணி உடுத்தி வைத்திருந்தார்கள். பட்டியலை எடுக்கச் சொன்னாள். நாலாவது, நாலு டிகிரி. ஐந்தாவது, இயக்குநர். பிறகு கமிட்டி ஆட்கள் ஒவ்வொருவராக. கடைசியில் பதினோராவதாக, தளவாட அதிகாரி.

"நாளைக்கு இந்நேரம் மயக்கத்துல இருப்ப. திட்டுறதை அடுத்த வாரம் வச்சுக்கலாம்" என்றேன்.

"உன்னை மட்டும்... பட்டியல்ல இருந்து..." மூச்சு வாங்கினாள். "எடுத்துடட்டுமாடா?"

"எடுக்காதே. நானும் நாலு திட்டு வாங்கிக்கிறேன்."

காலை ஐந்தரைக்கு டாக்டரம்மா கீழே போனார், நானும் கூடப் போனேன். பீரோ பூட்டியிருந்தது. ஒரே சாவி டாக்டரம்மாவிடம் இருந்தது என்று நினைத்திருந்தோம். தளவாடப் பிரிவில் எல்லாப் பூட்டையும் மாற்றியிருக்கிறார்கள், புதுச் சாவி ஒன்பது மணிக்குத் திறக்கிற அலுவலகத்தில் இருக்கிறது. நான் காது வைத்தேன். சத்தமே இல்லை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன், இரண்டு நிமிஷத்தில் பூட்டு தெறித்தது. கதவைத் திறந்ததும் என் முகத்தில் அடித்தது குளிர் இல்லை. டாக்டரம்மா உள்ளே வைத்திருந்த சின்னத் தெர்மாமீட்டரில் இருபத்தாறு காட்டியது. பிளக் ஒயரோடு அழகாகச் சுருட்டப்பட்டு பீரோவின் தலையில் இருந்தது.

டாக்டரம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஆபரேஷனை நிறுத்தச் சொல்லி மேலே போன் செய்தார். நான் மேலே போய் அக்காவிடம் சொன்னேன். அதை எப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

விசாரணை நடந்தது. தளவாட அதிகாரி நிமிர்ந்து நின்று சொன்னார்: "அஞ்சு மணிக்கு மூடுறப்போ பார்த்தேன். உள்ள ஏதோ பெட்டி இருந்துச்சு. அடுத்தவங்க பொருளை நான் தொட மாட்டேன் சார், முப்பது வருஷ சர்வீஸ்ல தொட்டதில்ல. விலக்கு வரும்னு மூணு நாள் பொறுத்தேன், வரல. பிளக்கை மட்டும்தான் எடுத்தேன்."

நாலு டிகிரியைக் கேட்டார்கள். "அன்னைக்கு அறுபத்திரண்டு ஃபிரிட்ஜும் பச்சை" என்றார்.

இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். "எந்த ஃபிரிட்ஜாவது கெட்டுதா? இல்ல. எந்தப் பீரோவாவது காணாம போச்சா? இல்ல. கெட்டது ஒரு நுரையீரல். வருத்தம்தான். ஆனா நுரையீரல் எந்தப் பிரிவின் கீழயும் வரல. அப்போ எந்தப் பிரிவை நான் குத்தம் சொல்றது?"

குற்றம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அலமாரி 417இன் பூட்டை உடைத்தது நான். மூன்றாவது மெமோ. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் மாதிரி, டாக்டரம்மா கேட்ட விலக்கு அடுத்த வாரம் வந்து சேர்ந்தது. அதே வாரம் நாலு டிகிரிக்கு ஆறாவது கேடயம் கொடுத்தார்கள்.

அக்கா பத்தொன்பது நாள் இருந்தாள். கடைசி நாட்களில் ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான் வந்தது. அந்த ஒரு சொல்லையும் யோசித்துத்தான் செலவு செய்தாள். கடைசியாக என் சட்டைப் பையைத் தொட்டு, "பட்டியல்" என்றாள்.

"இருக்கு அக்கா" என்றேன்.

பிணவறையில் எட்டுத் தட்டு உள்ள பெரிய ஃபிரிட்ஜ். போன மாதம் நானே கேஸ் மாற்றியது. அக்காவை இரண்டாவது தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன். கதவில் பச்சை ஸ்டிக்கர். சரியாக நாலு டிகிரி. இருபத்திரண்டு வருஷம் பஞ்சைத் தின்றவளுக்கு இந்த ஆஸ்பத்திரி கடைசியில் கச்சிதமாகச் செய்து கொடுத்தது இது ஒன்றுதான்.

பிறகு கருவிப் பையைத் திறந்து, ஃபிரிட்ஜைப் பத்து டிகிரிக்குத் திருப்பினேன்.

எட்டைத் தாண்டியதுமே மேலே மணி அடித்திருக்க வேண்டும். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, படிக்கட்டில் தடதடவென்று சத்தம். நாலு டிகிரி முன்னால், எட்டுப் பேர் பின்னால். அவர்களுக்குப் பின்னால் இயக்குநர், கமிட்டி ஆட்கள், பிணவறையிலும் பீரோ ஏதாவது இருக்குமோ என்று தளவாட அதிகாரி. ஒரு மனுஷியின் மூச்சு ராத்திரி பூரா வெந்து போனபோது ஒரு செருப்புச் சத்தம்கூடக் கேட்காத கட்டடம் இது.

நாலு டிகிரி வியர்வையைத் துடைத்தபடி சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, படிவத்தைத்தான் பார்த்தார்.

"உள்ள என்ன பொருள்?"

"எங்க அக்கா."

பேனா நின்றது. ஒரு நொடிதான். பழைய பழக்கம், கை தானாக அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

"எண்ணிக்கை?" என்றார்.

"ஒண்ணு. எனக்கு இருந்ததே ஒண்ணுதான்."

சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். முதல் இரண்டு பேரை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது ஆளை, நாலரை மணிக்குக் காது வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்தியாக மாடிக்குப் போனவனை, நான் தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். மற்ற எல்லோரும் எதிரிலேயே நின்றார்கள்.

மூச்சை நெஞ்சு முட்ட இழுத்தேன். நாலாவது பெயரிலிருந்து ஆரம்பித்து, ஒரே மூச்சில் திட்டினேன்.